தென்னை மட்டை விழுந்த ஸ்கோப்

பொள்ளாச்சிப் பக்கம் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர் ரைஃபிள் சுடுவோம். மண்மேட்டுக்கு முன்னால் காகித இலக்கு, 25 மீட்டர் தள்ளி ஒரு மர மேசை, அவ்வளவுதான் எங்கள் ரேஞ்ச். இலக்கு மாற்ற நாங்கள் நடந்துபோன நேரத்தில், காய்ந்த மட்டை ஒன்று அடிப்பக்கம் கீழாக வந்து மேசையில் விழுந்தது. மேசையில் இருந்த ரைஃபிளையும் தள்ளிக்கொண்டு பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுத் திட்டில் போட்டது. ரைஃபிளின் மேல் மாட்டியிருந்த ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிதான் முதலில் இடித்திருக்கிறது. முன்கண்ணாடியின் விளிம்பில் நகமளவு ஒரு ஒடுக்கு. கறுப்புப் பூச்சு பெயர்ந்து உள்ளே அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. லென்ஸில் கீறல் இல்லை. காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பார்த்தேன், உள்ளே எதுவும் குலுங்கவில்லை.

ரைஃபிள் .177 காலிபர் (குண்டின் விட்டம் .177 அங்குலம்), பேரலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் வகை. ஸ்கோப் 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்வளையத்தைத் திருப்பித் தூரத்துக்கு ஏற்ப ஃபோகஸ் செய்யும் சாதாரண மாடல். விலை உயர்ந்தது இல்லை. அதனால்தான் "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. கோயமுத்தூரில் இருந்துகொண்டு ஒரு பொருளைக் கழட்டிப் பார்க்காமல் தூக்கிப்போட எனக்கு மனசு வராது.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்கோப் இல்லை, துப்பாக்கி. கீழே விழுந்த ரைஃபிளில் டிரிகர் சரியாகப் பிடிக்கிறதா, சேஃப்டி வேலை செய்கிறதா என்று உறுதியாகும்வரை அதில் பெல்லட், அதாவது குண்டு, போடக் கூடாது. மடக்கிய பேரலைக் கையால் இறுக்கிப் பிடித்தபடியே டிரிகர் கொக்கி பிடித்துக்கொண்டதா என்று பாருங்கள். கையை விட்டுவிட்டால், பிடி நழுவும்போது பேரல் விசிறியடித்து விரல் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி நகம் போயிருக்கிறது. அப்புறம் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள். ஸ்பிரிங் ரைஃபிளில் இவை சும்மாவே தளரும், விழுந்த பிறகு கேட்கவே வேண்டாம். குண்டு சிதறிப் போனால் பாதி நேரம் காரணம் இந்தத் திருகுகள்தான், பழி ஸ்கோப் மேல் விழும்.

என்னுடையதில் அவை சரியாக இருந்தன. ஆனாலும் ஐந்து குண்டு சுட்டால் ஐந்தும் இடப்பக்கம் ஒதுங்கி ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பரவின. முன்பெல்லாம் அந்தத் தூரத்தில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் ரைஃபிள் இது.

அடுத்து மவுண்ட். ரைஃபிளின் மேல் அறுத்திருக்கும் பள்ளத்தில் கவ்விக்கொள்ளும் இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு ரிங். இந்தப் பள்ளத்தைப் பொதுவாக 11 மி.மீ. என்பார்கள், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி கூடக்குறைய இருக்கும். வெர்னியரில் அளக்காமல் மவுண்ட் வாங்காதீர்கள். பின்பக்க மவுண்டின் அடியில் ஒரு சின்ன ஊசித் திருகு உண்டு. அது ரைஃபிளில் போட்டிருக்கும் குழியில் உட்கார்ந்து, ஸ்கோப் பின்னால் நகராமல் தடுக்கும். ஸ்பிரிங் ரைஃபிளுக்கு இது ரொம்ப முக்கியம். டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய, துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்டி நின்றதும் துப்பாக்கி முன்னால் வெடுக்கென்று இழுக்கும். ஒரே சூட்டில் இரண்டு உதை, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில். வெடிமருந்துத் துப்பாக்கிக்குச் செய்த நல்ல ஸ்கோப்புகூட இதில் உதிர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான். அவை ஒரு பக்கத்து உதையைத் தாங்கத்தான் கட்டப்பட்டவை. வாங்கும்போது ஏர் ரைஃபிளுக்கென்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு அந்த ஊசித் திருகு வளைந்து குழியை விட்டு வெளியே வந்திருந்தது. கவ்வியின் ஒரு தாடை நசுங்கியிருந்தது. முன் ரிங்கும் பின் ரிங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகம் வந்தது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கூர்முனை வைத்த இரண்டு கம்பிகளை ரிங்கில் மாட்டி முனைக்கு முனை பார்க்கும் கருவி கடையில் கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, முனை கொஞ்சம் மையம் தப்பியிருந்தாலும் பொய் சொல்லும். கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் 25.4 மி.மீ. விட்டத்துக்கு ஒரு நேர்க்கம்பி கடைந்து கொடுத்தார். அதில் நீலச்சாயம் தடவி ரிங்கில் உட்காரவைத்து லேசாகத் திருப்பி எடுத்தோம். நல்ல ரிங் என்றால் உள்வளைவு முழுக்க நீலம் ஒட்ட வேண்டும். பின் ரிங்கில் ஒரு ஓரம் மட்டும் நீலம், மற்ற இடம் பளபளவென்று அப்படியே. அந்த ஓரம்தான் இவ்வளவு நாள் ஸ்கோப் குழாயைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது. குழாயைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் பிறைபோல ஒரு தழும்பு.

நசுங்கிய மவுண்டை நிமிர்த்த முயல வேண்டாம். புதிது வாங்குங்கள். இந்த வேலையில் நான் யோசிக்காமல் பணம் செலவழித்த ஒரே இடம் அதுதான். ரிங் திருகுகளை இறுக்கும்போது இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கட்டும், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் அலன் கீயின் நீளக் காலைத் துளையில் விட்டு, குட்டைக் காலை இரண்டு விரலால் திருப்பினால் போதும். முழுக்கையும் போட்டு இறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே நகர வேண்டியது நகராது.

சரி, மவுண்ட் மாறியாயிற்று. குண்டுகள் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தன, ஆனால் வேறொரு தொல்லை ஆரம்பித்தது. குண்டு கீழே போகிறதே என்று, அதை ஏற்றி இறக்க ஸ்கோப்பின் மேலே இருக்கும் குமிழை எட்டு கிளிக் திருப்பினால் எதுவும் நகராது. இன்னும் எட்டு திருப்பினாலும் அப்படியே. அடுத்த குண்டு திடீரென்று ஒரேயடியாக மேலே தாவும். அதற்கடுத்தது பாதி இறங்கும். ஸ்கோப் செத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் இன்னொரு சிறிய குழாய் இருக்கிறது. தலைகீழான பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் அதில்தான் இருக்கும், என்னுடையது மாதிரியானவற்றில் குறுக்குக்கம்பியும் அதன் முனையில்தான். பின்முனை ஒரு மூட்டில் நிற்கும். முன்முனையை மேலிருந்து ஒரு குமிழும் வலப்பக்கத்திலிருந்து ஒரு குமிழும் அழுத்தும். அந்த இரண்டுக்கும் எதிராக ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். நாம் கிளிக் திருப்புவது இந்த உள்குழாயை மயிரிழை மயிரிழையாக நகர்த்தத்தான். குண்டை மேலே ஏற்ற மேல் குமிழைத் தளர்த்தத் தளர்த்த ஸ்பிரிங் விரியும். எல்லை வரை தளர்த்திவிட்டால் ஸ்பிரிங்கில் தள்ளும் பலம் இருக்காது. அப்போது குமிழ் நகரும், உள்குழாய் நகராது, அடுத்த உதையில் தானாக இடம் மாறும். நான் பார்த்தது அச்சு அசலாக இதுதான்.

எல்லையில் இருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி போதும். பெட்டியின் எதிரெதிர்ச் சுவர்களில் 'வி' வடிவத்தில் வெட்டி, ரைஃபிளிலிருந்து கழற்றிய ஸ்கோப்பை அதில் படுக்கவையுங்கள். தூரத்தில் சுவரில் ஒரு புள்ளி. பெட்டி அசையாமல் ஸ்கோப்பை மட்டும் உருட்டினால் குறுக்குக்கம்பி அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் போடும். வட்டம் பெரிதாக இருந்தால் உள்குழாய் மையத்தை விட்டு வெகுதூரம் விலகியிருக்கிறது. அரைச்சுற்று உருட்டி, எவ்வளவு தள்ளிப் போகிறதோ அதில் பாதியைக் குமிழால் திருத்துங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் வட்டம் சுருங்கி, கம்பி புள்ளியிலேயே நிற்கும். ஸ்கோப் கையில் உருளும்போது கம்பி அசையாமல் நிற்பதைப் பார்க்கிற சந்தோஷம் தனி. அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

உள்குழாய் மையத்துக்கு வந்த பிறகு குமிழ்கள் ஒழுங்காக வேலை செய்தன. ஸ்பிரிங் உடையவில்லை, பலமிழந்த இடத்தில் நின்றிருந்தது, அவ்வளவுதான். ஆனால் இந்த நிலையில் ரைஃபிளில் மாட்டினால் குண்டு இலக்குக்கு வெகு கீழே போகும். மடக்கும் பேரல் ரைஃபிள்களில் பேரல் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருப்பது சகஜம். அந்தச் சரிவை ஈடுகட்டத்தான் குமிழை எல்லை வரை ஏற்றியிருந்தேன். அதை மவுண்டிலேயே ஈடுகட்டினால் குமிழுக்குச் சிரமம் இல்லை. குளிர்பான அலுமினிய டப்பாவைக் கத்தரித்தால் கிடைக்கும் தகடு சுமார் 0.1 மி.மீ. தடிமன். அதைப் பின் ரிங்கின் அடிப்பாதியில் வைத்தால் ஸ்கோப்பின் பின்பக்கம் அந்த அளவு உயரும். இரண்டு ரிங்குக்கும் இடையே 100 மி.மீ. என்றால், 25 மீட்டரில் குண்டு 25 மி.மீ. மேலே ஏறும். கணக்கு நேரானது, ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்வு. இரண்டு மூன்று தகட்டுக்கு மேல் அடுக்க வேண்டாம், குழாய் வளைந்து பழைய கதைக்கே திரும்புவோம். அதற்குமேல் தேவைப்பட்டால் சரிவுக்கென்றே சாய்த்துச் செய்த மவுண்ட் விற்கிறார்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மார்கழிக் காலையில் தோப்புக்குப் போனபோது ஸ்கோப் வழியாகப் பார்த்தால் எல்லாம் புகை. வெளிக்கண்ணாடியைத் துடைத்தும் போகவில்லை.

ஸ்கோப் குழாய்க்குள் பொதுவாக நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பார்கள். உள்ளே ஈரம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். அடைப்பு எங்காவது விட்டுவிட்டால் ஈரக்காற்று புகுந்து, குளிரும்போது கண்ணாடியின் உட்புறம் படியும். வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அடிபட்ட ஸ்கோப்பில் அதைச் செய்யாதீர்கள். தண்ணீரிலிருந்து எடுக்கத் தாமதமானால், குழாய் ஆறும்போது அந்த ஓட்டை வழியாகவே தண்ணீரை உறிஞ்சும். நான் ஜிப் கவரில் போட்டு இரவு முழுக்க ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். காலையில் எடுத்து வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், முன் லென்ஸின் உட்புறத்தில் ஒரு ஓரத்தில் மட்டும் பிறையாகப் பனி. ஒடுக்கு விழுந்த பக்கம் அதுவேதான். டார்ச் இல்லையென்று வெயிலைப் பார்த்துச் சோதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கோப் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.

இனிமேல் திறந்தே ஆக வேண்டும். இங்கே ஸ்கோப் ரிப்பேர் கடை என்று ஒன்றைத் தேடி அலைவதில் பயனில்லை. நில அளவைக் கருவிகள், அதாவது தியோடலைட், ஆட்டோ லெவல் ரிப்பேர் செய்கிறவர்களைத் தேடுங்கள். அவையும் குறுக்குக்கம்பி வைத்த தொலைநோக்கிகள்தான். நான் போனவர் அறுபதைத் தாண்டியவர், சாலை போடுகிற கான்டிராக்டர்கள் கொண்டுவரும் லெவல்கள் மேசை நிறைய இருந்தன. ஸ்கோப்பை வாங்கி ஒருமுறை பார்த்தவர், "ஏனுங்க, குமிழைக் கழட்டிட்டீங்களா?" என்றார். இல்லைங்க என்றதும் முகம் மலர்ந்தது. பெரும்பாலானவர்கள் குமிழைப் பிரித்து உள் ஸ்பிரிங்கைத் தெறிக்கவிட்ட பிறகுதான் வருவார்களாம்.

வேலை செய்துகொண்டே பேசினார். பழைய தியோடலைட்டுகளில் குறுக்குக்கம்பியாகச் சிலந்தி நூலைத்தான் ஒட்டுவார்கள். அறுந்தால் சிலந்தியைப் பிடித்து ஒரு கவட்டைக் குச்சியில் நூல் சுற்றி எடுக்க வேண்டும். "எங்க மேஸ்திரி அதுக்குன்னே ஒரு மூலைல ஒட்டடை அடிக்க விடமாட்டாருங்க" என்றார். அப்புறம் ஒடுக்கைக் காட்டி, "இதுக்கே மனசொடைஞ்சா எப்படிங்க, லாம்டன் துரை கருவி தஞ்சாவூர்ல அடிவாங்கினது தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

அந்தக் கதை உண்மைதான். 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவைப் பணியின் பெரிய தியோடலைட் அரை டன் எடை, அதன் வட்டம் மூன்றடி விட்டம். 1808-இல் தஞ்சாவூரில் சமவெளியைத் தாண்டிப் பார்ப்பதற்காக அதைக் கோயிலின் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் வளைந்துபோனது. அதற்குப் பதில் இன்னொன்று இந்தியாவில் கிடையாது. லாம்டன் அதைப் பிரித்துப் போட்டு ஆப்புகளும் திருகுகளும் வைத்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வட்டமாக்கினார். அதே கருவியை வைத்துத்தான் அளவை மேலே நடந்தது. என் நகமளவு ஒடுக்கு இதற்குமுன் எம்மாத்திரம்.

ரிப்பேர்க்காரர் என் ஸ்கோப்பைத் திறந்த விதத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், வீட்டில் முயல்கிறவர்களுக்கு உதவும். இடுக்கி, பைப் ரெஞ்ச் எதையும் தொடவில்லை. ரப்பர் பட்டையைச் சுற்றி இரண்டு கையாலும் திருப்பினார். இறுகியிருந்ததால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டினார். லென்ஸைப் பிடித்திருக்கும் வளையத்தை, இரண்டு முனை வைத்த ஸ்பேனரால் கழற்றினார். லென்ஸை எடுப்பதற்குமுன் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு அம்பு, வைத்திருக்கும் கூட்டில் அதற்கு நேரே ஒரு கோடு. முன் லென்ஸ் என்பது இரண்டு கண்ணாடிகளை ஒட்டியது, முன்பின் மாற்றிப் போட்டால் படம் ஒருபோதும் தெளியாது. சும்மா சுற்றிப் போட்டாலும் மையம் மாறலாம். அதற்குத்தான் கோடு.

உள்ளே ஈரம் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒரு இடத்தில் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தது. கோயமுத்தூரில் ஓ-ரிங்குக்கா பஞ்சம்? பம்ப் செட் உதிரிபாகம் விற்கும் கடையில் அளவு சொன்னால் கிடைக்கிறது, சில ரூபாய்தான். தடிமனைப் பத்தில் ஒரு மி.மீ. வரை சரியாக அளந்துகொண்டு போங்கள், உள்விட்டம் மட்டும் சொன்னால் தவறானது வந்து சேரும். சிலிக்கான் கிரீஸ் விரல்நுனியில் தொட்டு, பளபளப்பு தெரியும் அளவுக்குத் தடவினால் போதும். அதிகமானால் நாளடைவில் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாக ஏறும்.

நைட்ரஜன் நிரப்பும் வசதி அவரிடமும் இல்லை. பதிலாக, திறந்த ஸ்கோப்பை நிறையச் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் இரண்டு நாள் வைத்திருந்து, ஏசி அறையில் வைத்தே மூடினோம். கம்பெனி அடைப்புக்கு இது ஈடாகாது. ஆனால் ஃபிரிட்ஜ் சோதனையில் மறுபடி பனி வரவில்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஈரம் உள்ளே இருந்தால் புகையோடு நிற்காது, லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் மேல்பூச்சோடு அரித்துவிடும். கேமராவுக்கு வைக்கிற மாதிரி ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள், நுரை போட்ட பையில் பூட்டிவைக்காதீர்கள்.

விளிம்பு ஒடுக்கை எடுக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அலுமினியத்தில் மரையை ஒட்டி அடித்தால் கிழியும். கண்ணாடியைத் தொடவில்லை, பார்வையை மறைக்கவில்லை என்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

திரும்ப மாட்டும்போது குறுக்குக்கம்பி நேராக நிற்க, கொத்தனாரின் தூக்குக்குண்டை இரவல் வாங்கிப் பத்து மீட்டர் தள்ளித் தொங்கவிட்டேன். ரைஃபிளை ரசமட்டத்தால் சமன் செய்து, நெடுக்குக் கம்பி நூலோடு ஒட்டும்வரை குழாயைத் திருப்பி ரிங்கை இறுக்க வேண்டும். அதே நூலில் இன்னொரு சோதனையும் உண்டு. மேல் குமிழைத் திருப்பினால் கம்பியின் மையம் நூலின் மேலேயே ஏறி இறங்க வேண்டும். பக்கவாட்டில் விலகினால் அடிபட்டதில் குறுக்குக்கம்பியே உள்ளே சுழன்றிருக்கிறது, அது வீட்டில் தீராது.

ஜீரோ செய்தபோது, அதாவது குறிபார்க்கிற இடத்திலேயே குண்டு விழும்படி அமைத்தபோது, கடைசியாகச் சதுரச் சோதனை. என் ஸ்கோப்பில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), 25 மீட்டரில் சுமார் 1.8 மி.மீ. எப்போதும் ஒரே புள்ளியைக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டு, 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது. காகிதத்தில் 36 மி.மீ. பக்கமுள்ள சதுரம் விழுந்து, கடைசிக் குண்டுகள் முதல் குண்டுகளோடு சேர வேண்டும். எனக்குச் சதுரத்தின் ஒரு மூலை கொஞ்சம் மழுங்கி வந்தது, ஆனால் ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பியது. ஸ்பிரிங் ரைஃபிளில் அந்த மழுங்கல் என் கைப்பிடியாகவும் இருக்கலாம். இறுக்கிப் பிடிக்காமல் முன்கட்டையை உள்ளங்கையில் சும்மா கிடக்கவிட்டால்தான் இந்த வகை ஒழுங்காகச் சுடும். சோதனை முழுக்க ஒரே டப்பா பெல்லட்டைப் பயன்படுத்துங்கள்.

இதைப் படிக்கிற போட்டிக்காரர்கள் சிரிக்கலாம். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கே அனுமதியில்லை, துளை வழியே பார்க்கும் சைட்தான். பிள்ளைகளுக்குப் பயிற்சி என்றால் அதில் தொடங்குவதே நல்லது. தோப்பில் சுடுகிற எங்களுக்கு ஸ்கோப் ஒரு பொழுதுபோக்கு. "சரி பண்ணியாச்சுல்ல, ஒரு மைனாவைப் போடுங்க" என்று கேட்கிறவர்களுக்கு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தைச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. புது ஓ-ரிங் போட்ட பிறகு முன்வளையத்தில் அச்சிட்டிருக்கும் தூர எண்கள் பொருந்தவில்லை. 25 என்று வைத்தால் 25 மீட்டர் இலக்கு மங்கலாக இருக்கிறது, தலையை அசைத்தால் கம்பி இலக்கின் மேல் நீந்துகிறது. அதனால் டேப் வைத்துப் பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து மீட்டரில் இலக்கு நிறுத்தி, தலையை ஆட்டினாலும் கம்பி நகராத இடத்தைப் பார்த்து, வளையத்தில் ஒட்டிய வெள்ளை டேப்பில் பேனாவால் புதுக்கோடுகள் போட்டுக்கொண்டேன். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் இப்போது சுடுகிறேன்.